நிமோனியா ஊசி போட்டால் மருந்துக்கு மசியாத கிருமி குறையுமா, கூடுமா?

பெரம்பூரிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு ஒன்றரை வயது. மாநகராட்சி சுகாதார நிலையத்தில் நிமோனியா ஊசி மூன்று தவணையும் போட்டாகிவிட்டது. ஆனாலும் மாதம் தவறாமல் சளி, இருமல். போகும்போதெல்லாம் ஆன்டிபயாடிக் சிரப் எழுதிக் கொடுக்கிறார்கள். அப்புறம் எதற்கு இந்த ஊசி? இந்த ஊசி போடப்போட பழைய கிருமி போய் அதைவிடப் பொல்லாத கிருமி வருகிறது, தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை என்று அவருடைய மாமனார் எங்கோ படித்துவிட்டுச் சொல்கிறாராம். அது உண்மையா? தனியாரில் இன்னும் அதிக வகைகளுக்கான ஊசி இருக்கிறதாமே, அதையும் போட்டுவிடலாமா?

நான் சென்னையில் ஒரு நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். ரத்தம், சளி, முதுகுத் தண்டு நீர் என்று வருவதையெல்லாம் வளர்த்துப் பார்த்து, எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று எழுதிக் கொடுப்பது என் தொழில். உங்கள் மாமனார் படித்தது பொய்யில்லை. ஆனால் கதையின் நடுப்பகுதியை மட்டும் படித்திருக்கிறார். முன்னும் பின்னும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு சரியாக வரும், அதனால் பதில் கொஞ்சம் நீளம்.

முதலில் கிருமியைப் பற்றி. நிமோனியா ஊசி என்று நாம் சொல்வது நியூமோகாக்கஸ் என்ற ஒரே ஒரு பாக்டீரியாவுக்கு எதிரானது. இதை ஏதோ வெளியிலிருந்து திடீரென்று வந்து தாக்கும் கிருமி என்று நினைக்க வேண்டாம். குழந்தைகளின் மூக்குக்குப் பின்னால், தொண்டையின் மேல்பகுதியில் அது சாதாரணமாகவே குடியிருக்கும். தென் தமிழகக் கிராமங்களில் கைக்குழந்தைகளின் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்துப் பார்த்த ஆய்வில், இரண்டு மாதக் குழந்தைகளிலேயே பாதிக்கு மேற்பட்டவர்களிடம் இது இருந்தது. பெரும்பாலான நாட்கள் சும்மாதான் இருக்கும். ஒரு வைரஸ் காய்ச்சல் வந்து உள்சவ்வு புண்ணாகும்போது கீழே நுரையீரலுக்கோ, பக்கத்தில் காதுக்கோ, சில சமயம் ரத்தத்துக்கும் மூளை உறைக்கும் போய்விடும். அந்த மூக்குதான் இந்தப் பதில் முழுவதற்கும் மையம். தடுப்பூசி மாற்றுவதும் அங்கேதான், ஆன்டிபயாடிக் மாற்றுவதும் அங்கேதான்.

இந்தக் கிருமியின் மேல் ஒரு சர்க்கரை உறை உண்டு. அந்த உறையின் வேதி அமைப்பைப் பொறுத்து இதுவரை 100 வகைக்கு மேல் பிரித்திருக்கிறார்கள். 6பி, 14, 19எஃப், 23எஃப் என்று எண்ணும் எழுத்துமாகப் பெயர். ஆய்வகத்தில் பார்த்தால் எல்லா வகையும் ஏறக்குறைய ஒன்றுதான். ரத்தம் கலந்த அகார் (கிருமி வளர்க்கும் கூழ்) தட்டில் சின்னச் சின்னப் புள்ளிகளாக முளைத்து, சுற்றிலும் பாசி படிந்த மாதிரி ஒரு பச்சை வளையம் போடும். ஒரு நாள் கூடுதலாக விட்டால் புள்ளியின் நடுப்பகுதி குழிந்து, கேரம் போர்டுக் காய் போல ஆகிவிடும், ஏனென்றால் இது வயதானால் தன்னைத் தானே கரைத்துக்கொள்ளும் கிருமி. ஆப்டோசின் என்ற மருந்து தோய்த்த சிறு வட்டத்தை மேலே வைத்தால், அதைச் சுற்றி 14 மில்லிமீட்டராவது வளராமல் வெறுமையாக நிற்கும். தொண்டையில் வாழும் மற்ற சாது ஸ்ட்ரெப்டோகாக்கஸ்கள் அந்த வட்டத்தைச் சட்டை செய்யாமல் ஒட்டி வளரும். வகையைக் கண்டுபிடிக்கத்தான் தனி வேலை: அந்தந்த வகைக்கான எதிர்ப்புச் சீரத்தை ஒரு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், பொருந்திய சீரத்தில் மட்டும் உறை உப்பியது போலத் தெரியும். இதை எல்லா ஆய்வகத்திலும் செய்வதில்லை. வேலூர் சி.எம்.சி. போன்ற சில இடங்களில்தான் செய்கிறார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 100 வகைகளும் மருந்தை ஒரே மாதிரி எதிர்ப்பதில்லை. மருந்துக்கு மசியாத குணம் முக்கியமாகச் சில வகைகளிடம்தான் குவிந்திருந்தது: 6ஏ, 6பி, 9வி, 14, 19எஃப், 23எஃப். ஏன் இவை மட்டும்? இவைதான் குழந்தைகளின் மூக்கில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்கும் வகைகள். சின்னக் குழந்தைகள்தான் வீட்டிலேயே அதிகம் ஆன்டிபயாடிக் குடிப்பவர்கள். காது வலிக்குக் கொடுத்தாலும், வயிற்றுப்போக்குக்குக் கொடுத்தாலும், வெறும் வைரஸ் சளிக்குக் கொடுத்தாலும் அந்த மருந்து மூக்கில் சும்மா இருக்கும் நியூமோகாக்கஸின் மேலும் படும். நோயே உண்டாக்காமல் ஓரமாகக் கிடந்த கிருமிக்கும் பயிற்சி நடந்துவிடும். வகை 1 இதற்கு நேர் எதிர். மூக்கில் அதிகம் தங்காது, வந்தால் நேராக நோயாகத்தான் வரும். அதனால் அது பெரும்பாலும் சாதாரணப் பென்சிலினுக்கே அடங்கிவிடும்.

பென்சிலினை நியூமோகாக்கஸ் எதிர்க்கும் முறையும் தெரிந்துகொள்ள வேண்டியது. மருந்தை உடைக்கும் நொதி எதையும் அது சுரப்பதில்லை. தொண்டையில் பக்கத்தில் வாழும் சாது ஸ்ட்ரெப்டோகாக்கஸ்களிடமிருந்து மரபணுத் துண்டுகளை எடுத்துத் தன் மரபணுவில் ஒட்டுப்போட்டு, பென்சிலின் போய்ப் பற்றிக்கொள்ளும் புரதத்தையே உருமாற்றிவிடுகிறது. அதனால்தான் ‘கிளாவுலனேட் சேர்ந்தது பவர் அதிகம்’ என்று கடையில் சொல்வது இந்தக் கிருமி விஷயத்தில் செல்லாது. கிளாவுலனேட் தடுப்பது நொதியை, இங்கே நொதியே இல்லை. அமாக்சிசிலின் அளவைக் கூட்டினால்தான் பலன். ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சே என்ற இன்னொரு மூக்குவாசிக்கு அந்த நொதி உண்டு, அங்கே கிளாவுலனேட்டுக்கு வேலை உண்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது மருந்துக் கடைகளில் மட்டும் நடப்பதில்லை.

தடுப்பூசிக்கும் ஆன்டிபயாடிக்குக்கும் ஒரு பழைய கணக்கும் பாக்கி இருக்கிறது. 1940களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஆறு வகைகளுக்கான நியூமோகாக்கஸ் தடுப்பூசி விற்பனைக்கே வந்தது. ஆனால் பென்சிலின் கையில் இருக்கும்போது ஊசி எதற்கு என்று மருத்துவர்கள் கண்டுகொள்ளவில்லை, தயாரித்தவர்கள் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ராபர்ட் ஆஸ்ட்ரியன் என்ற அமெரிக்க மருத்துவர் மட்டும் விடவில்லை. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டால், பென்சிலின் கொடுத்தும் முதல் சில நாட்களில் இறப்பவர்கள் இறந்துகொண்டுதான் இருக்கிறார்கள் என்று 1964இல் கணக்குக் காட்டினார். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம் சோதித்து, 1977இல் 14 வகைகளுக்கான ஊசி அனுமதி பெற்றது. இதற்கிடையில் 1967இல் ஆஸ்திரேலியாவில் பென்சிலினுக்கு முழுதாக அடங்காத நியூமோகாக்கஸ் தென்பட்டது. 1977இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பல மருந்துகளுக்கும் அடங்காத ஒன்று கிளம்பியது. பென்சிலின் இருக்கிறதே என்ற தைரியத்தில் தூக்கிப்போட்ட ஊசியை, பென்சிலின் தடுமாறத் தொடங்கிய பிறகு தேடி எடுத்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பழைய ஊசியில் வெறும் சர்க்கரை உறை மட்டுமே இருந்தது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் உடல் அதைச் சரியாக அடையாளம் காணாது. அது மூக்கில் குடியிருக்கும் கிருமியையும் பெரிதாகத் தொடாது. உறையை ஒரு புரதத்தோடு இணைத்துக் கொடுத்ததும் இரண்டு குறையும் ஒன்றாகத் தீர்ந்தன. அப்படி இணைத்த ஊசிதான் உங்கள் மகனுக்குப் போட்டது. கைக்குழந்தையின் உடலும் அதைக் கற்றுக்கொள்கிறது, மூக்கிலும் அந்த வகைகள் ஒட்டுவது குறைகிறது. ஊசி போட்ட குழந்தை மூக்கில் கிருமியைச் சுமக்காவிட்டால் வீட்டிலிருக்கும் பாட்டிக்கும் பரவாது.

2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஏழு வகைகளுக்கான முதல் இணைப்பு ஊசி வந்தது. அதில் 4, 18சி தவிர மற்ற ஐந்தும் நான் மேலே சொன்ன, மருந்துக்கு மசியாத ‘குழந்தை’ வகைகள்தான். ரெசிஸ்டன்ஸை, அதாவது மருந்தை எதிர்க்கும் குணத்தை, குறைக்கவென்று திட்டமிட்டுப் பொறுக்கவில்லை. குழந்தைகளுக்கு அதிகம் நோய் தருவது எது என்று பார்த்துப் பொறுக்கினார்கள். அவையே மருந்தை எதிர்ப்பவையாகவும் இருந்ததால் ஒரு கல்லில் இரண்டு மாங்காய். 1999க்கும் 2004க்கும் இடையில், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் பென்சிலினுக்கு அடங்காத நியூமோகாக்கஸ் தரும் கடும் நோய் ஒரு லட்சத்துக்கு 70.3லிருந்து 13.1 ஆக இறங்கியது, அதாவது 81 சதவீதம் குறைவு. ஊசியே போடாத 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடமும் அது ஏறக்குறைய பாதியானது. எந்த ஆன்டிபயாடிக் கட்டுப்பாட்டுத் திட்டமும் நான்கைந்து வருடத்தில் இப்படி ஒரு இறக்கத்தைக் காட்டியதாக எனக்குத் தெரிந்து இல்லை.

இனி உங்கள் மாமனார் படித்த பகுதி. மூக்கில் ஒரு வகை காலி செய்தால் அந்த இடம் சும்மா இருக்காது. திருவல்லிக்கேணியில் ஒரு போர்ஷன் காலியானால் எத்தனை நாள் பூட்டிக் கிடக்கும்? ஊசியில் இல்லாத வகைகள் உள்ளே வந்தன. எத்தனை குழந்தைகள் மூக்கில் நியூமோகாக்கஸைச் சுமக்கிறார்கள் என்ற மொத்தக் கணக்கு பல நாடுகளில் பெரிதாகக் குறையவே இல்லை, ஆட்கள் மட்டும் மாறினார்கள். அப்படி வந்தவர்களில் முரடன் 19ஏ. மேலே சொன்ன அதே ஐந்து வருடத்தில், அதே சின்னக் குழந்தைகளில், மருந்துக்கு அடங்காத 19ஏ தந்த கடும் நோய் ஒரு லட்சத்துக்கு 2லிருந்து 8.3 ஆக ஏறியது. 19ஏவின் இந்த 6 சொச்சம் ஏற்றத்தையும் சேர்த்துப் பார்த்தே மொத்தத்தில் 57 குறைந்தது. ஆனால் ‘ஊசியால் பொல்லாத கிருமி’ என்று செய்தி எழுதுகிறவருக்கு அந்த 6 மட்டும் போதும்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு வாதம் உண்டு. 19ஏ தலை தூக்கியதற்கு ஊசியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சரியில்லை. தென்கொரியாவில் இந்த ஊசி பரவலாக வருவதற்கு முன்பே 19ஏ ஏறிக்கொண்டிருந்தது. இஸ்ரேலிலும் ஊசித் திட்டத்துக்கு முன்பே அந்த ஏற்றத்தைப் பார்த்தார்கள். இரண்டு இடத்திலும் ஆன்டிபயாடிக் தாராளமாக ஓடியது. இடத்தைக் காலி செய்தது ஊசிதான். ஆனால் காலியான இடத்துக்கு யார் வர வேண்டும் என்று தீர்மானிப்பது, அந்த ஊரில் குழந்தைகள் குடிக்கும் சிரப். மருந்து குறைவாகப் புழங்கும் ஊரில் சாதுவான வகை வந்து உட்காரலாம். அசித்ரோமைசினும் செஃபிக்ஸிமும் தண்ணீராக ஓடும் ஊரில், அதைத் தாங்கும் வகைதான் உள்ளே வந்து நிலைக்கும். இந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

நியூமோகாக்கஸுக்கு இன்னொரு தந்திரமும் தெரியும். 1928இல் ஃப்ரெடரிக் கிரிஃபித் என்ற ஆங்கிலேயர் இதைக் கண்டுபிடித்தார். உறையில்லாத உயிருள்ள கிருமியையும், உறையுள்ள செத்த கிருமியையும் கலந்து எலிக்குச் செலுத்தினார். எலி செத்தது, அதன் ரத்தத்தில் உறையோடு உயிருள்ள கிருமி கிடைத்தது. செத்ததிடமிருந்து உறைக்கான குறிப்பை உயிருள்ளது எடுத்துக்கொண்டிருந்தது. மரபுப் பொருள் டி.என்.ஏ.தான் என்று 1944இல் ஏவரி குழுவினர் நிரூபித்ததும் இந்தக் கிருமியை வைத்துத்தான். அதே வேலையை இது ஊசிக்கு எதிராகவும் செய்தது. அமெரிக்காவில், உள்ளே வகை 4இன் மரபணுக்களும் வெளியே 19ஏவின் உறையுமாக ஒரு கிருமியைக் கண்டெடுத்தார்கள். வகை 4 ஊசியில் இருந்தது, 19ஏ இல்லை. உறையை மாற்றிக்கொண்டு தப்பித்துவிட்டது.

2010இல் 13 வகைகளுக்கான ஊசி 19ஏவையும் சேர்த்துக்கொண்டு வந்தது. 19ஏ சரிந்தது, அதோடு ரெசிஸ்டன்ஸ் இன்னொரு படி இறங்கியது. அதன் பிறகும் ஆட்கள் வந்தார்கள்: இங்கிலாந்தில் 8, 12எஃப், 9என், வேறு இடங்களில் 15ஏ, 35பி. இவற்றில் 35பி பென்சிலினுக்கு முரண்டு பிடிக்கும். 8க்கு அந்தக் குணம் குறைவு, ஆனால் பெரியவர்களைப் படுக்கையில் தள்ளும். வகை 3 தனிக் கதை. ஊசியில் இருந்தும் அது சரியாக அடங்கவில்லை. அதன் உறை அவ்வளவு தடிப்பு, எதிர்ப்புப் புரதம் வந்து ஒட்டினால் உறையை உதறிவிடும். 2021இல் 15, 20 வகைகளுக்கான ஊசிகள் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இந்தத் துரத்தல் ஓயாது. ஓயாதது ஒரு குறைதான், ஆனால் குழந்தைகளின் கடும் நோய் பெரும்பாலான நாடுகளில் பழைய உயரத்துக்குத் திரும்பவில்லை. வந்த வகைகளில் பல, மூக்கில் இருக்கத் தெரிந்த அளவுக்கு நோய் தரத் தெரியாதவை.

எல்லாக் கிருமியிலும் இப்படித்தான் நடக்கும் என்று நினைக்க வேண்டாம். நம் தமிழ்நாட்டிலேயே மாற்று உதாரணம் இருக்கிறது. ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசியை அரசுத் திட்டத்தில் இந்தியாவிலேயே முதலில் தொடங்கியது தமிழ்நாடும் கேரளாவும்தான், 2011 டிசம்பரில். அதில் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சே ‘பி’ வகையும் ஒன்று. மூளை உறைக் காய்ச்சலோடு குழந்தைகளைக் கொண்டுவந்து சேர்த்த காலத்தில், ஆம்பிசிலினுக்கும் குளோராம்ஃபெனிகாலுக்கும் அடங்காமல் மருத்துவர்களைத் திணறடித்த கிருமி அது. ஊசி வந்த நாடுகளிலெல்லாம் அது ஏறக்குறைய காணாமல் போனது. அதற்கு உறை வகைகளே ஆறுதான், ஆறிலும் ‘பி’ மட்டும்தான் பெரிய கொலைகாரன். கனடா, அலாஸ்காவின் பூர்வகுடிகளிடம் ‘ஏ’ வகை சற்றுத் தலைகாட்டியது. மற்றபடி அந்த இடத்தை அதே வீரியத்தோடு நிரப்ப ஆள் இல்லை. நியூமோகாக்கஸில் வரிசையில் நூறு பேர் நிற்கிறார்கள்.

நம் ஊர் நிலவரம் என்ன? 1990களின் நடுவில் சென்னை, வேலூர் உட்பட ஆறு ஊர் மருத்துவமனைகளில் கடும் நியூமோகாக்கஸ் நோயைக் கண்காணித்தார்கள். பென்சிலினுக்கு முரண்டு பிடித்தவை ஒரு சதவீதம் சொச்சம்தான், கோ-ட்ரைமாக்சசோலுக்கு (கடையில் செப்ட்ரான்) அடங்காதவை பாதிக்கு மேல். அப்போது சளி இருமலுக்கெல்லாம் செப்ட்ரான்தான் என்பது அந்த வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். எந்த மருந்தை அதிகம் விழுங்கினோமோ அதைக் கிருமி கற்றுக்கொண்டது. அதன் பிறகு அசித்ரோமைசின் போன்ற மேக்ரோலைடுகளின் காலம் வந்தது, அவற்றுக்கான எதிர்ப்பும் கூடவே ஏறியது.

இந்த மாதிரி எண்களைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. 2008இல் பென்சிலினுக்கான அளவுகோலையே மாற்றினார்கள். மூளை உறைக் காய்ச்சல் என்றால் மில்லிலிட்டருக்கு 0.06 மைக்ரோகிராம் மருந்துச் செறிவுக்குள் கிருமி அடங்க வேண்டும், மற்ற நோய்களுக்கு ஊசி வழிப் பென்சிலினென்றால் 2 வரை அடங்கினாலே ‘கட்டுப்படும்’ என்று எழுதலாம். ஒரே கிருமி ஒரு ரிப்போர்ட்டில் மசியாதது, இன்னொன்றில் மசிவது. 2008க்கு முன்னும் பின்னும் உள்ள சதவீதங்களைப் பக்கத்தில் வைத்து ‘ஊசியால் குறைந்தது’ என்று யாராவது எழுதினால், எந்த அளவுகோல் என்று கேளுங்கள். இன்னொரு சங்கடம், குழந்தையின் ரத்தம் எங்களிடம் வரும்போது பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் ஆன்டிபயாடிக் உள்ளே போயிருக்கும். கிருமி பாட்டிலில் வளராது. ‘வளர்ச்சி இல்லை’ என்று கையெழுத்துப் போட்டு அனுப்புகிறோம், குழந்தை நிமோனியாவோடு படுத்திருக்கும்.

இந்தியாவில் இந்த ஊசி 2017 மே மாதம் இமாச்சலப் பிரதேசம், பீகார், உத்தரப் பிரதேசத்தின் சில மாவட்டங்களில் தொடங்கி, 2021இல் தமிழ்நாட்டுக்கும் நாடு முழுவதற்கும் வந்தது. புனே சீரம் இன்ஸ்டிடியூட்டின் பத்து வகை ஊசியான நிமோசில் 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் தர அங்கீகாரம் பெற்றது. விலை இறங்கியது அதனால்தான். அதில் 19ஏவும் 6ஏவும் இருக்கின்றன, அமெரிக்கா பத்து வருடம் பட்ட பாட்டை நாம் முதலிலிருந்து பட வேண்டியதில்லை.

இதுவரை சொன்னது ஊசி நேரடியாகக் கிருமியைக் குறைக்கும் வழி. இன்னொரு வழி, நோய் குறைந்தால் மருந்து வாங்குவது குறையும். இஸ்ரேலில் குழந்தைக் காப்பகங்களில் நடந்த சோதனையில் ஊசி போட்ட குழந்தைகள் ஆன்டிபயாடிக் எடுத்த நாட்கள் 17 சதவீதம் குறைந்தன. ஃபின்லாந்தில் 8 சதவீதம், வட கலிஃபோர்னியாவில் 5 சொச்சம். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் ஊரில் உள்ள எல்லாக் குழந்தைகளும் குடிக்கும் மருந்தில் 5 சதவீதம் என்பது லாரி கணக்கு. வளரும் நாடுகளில் ஐந்து வயதுக்கு உட்பட்டோரிடம் ஆண்டுக்கு 2.38 கோடி ஆன்டிபயாடிக் சிகிச்சைகளை இந்த ஊசி தவிர்க்கிறது என்று 2020இல் ஒரு மதிப்பீடு வந்தது.

உங்கள் முதல் கேள்விக்குப் பதிலும் இங்கேதான் இருக்கிறது. உங்கள் மகனுக்கு மாதாமாதம் வருவது அநேகமாக வைரஸ் சளி. அதை இந்த ஊசி தடுக்காது, தடுக்கும் என்று யாரும் சொல்லவும் இல்லை. ஆனால் அந்த வைரஸ் சளி நிமோனியாவாக இறங்கும்போது பல சமயம் கூட்டுச் சேர்வது நியூமோகாக்கஸ். தென்னாப்பிரிக்காவில் ஒன்பது வகை ஊசி போட்ட குழந்தைகளிடம், வைரஸ் கண்டுபிடிக்கப்பட்ட நிமோனியாவுக்காக மருத்துவமனையில் சேர்வதே 31 சதவீதம் குறைந்தது. உங்கள் மகனுக்குச் சளி வந்து, சளியோடு போய்விடுகிறதே, அதில் ஊசிக்கும் பங்கிருக்கலாம். வராத நிமோனியாவை யாரும் எண்ணி வைப்பதில்லை.

இதையே திருப்பிப் பார்த்தால், வைரஸுக்கான ஃப்ளூ ஊசியும் ரெசிஸ்டன்ஸுக்கு எதிரான ஆயுதம்தான். ஃப்ளூ காய்ச்சலுக்கும் தேவையில்லாத ஆன்டிபயாடிக் நிறைய ஓடுகிறது. ஒன்று மட்டும் கவனம்: டெல்லியிலும் புனேயிலும் ஃப்ளூ ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை உச்சத்தில் இருக்கும், சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி அக்டோபர், நவம்பரில். நமக்கு ஊசி போட ஏற்ற நேரம் ஆகஸ்ட், செப்டம்பர்.

மழை பிடித்த வாரத்தில் எந்தத் தெருமுனை மருந்துக் கடையிலும் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். ‘அண்ணா, குழந்தைக்குச் சளி, போன வாட்டி கொடுத்தீங்களே அந்த சிரப்’ என்று கேட்பார்கள். சீட்டு கேட்க மாட்டார்கள். செஃபிக்ஸிம் போன்ற மருந்துகளை ‘எச்1’ பட்டியலில் சேர்த்து, சீட்டு இல்லாமல் தரக் கூடாது, வாங்கியவர் விவரத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 2014 மார்ச்சிலிருந்து விதி இருக்கிறது. பெட்டியின் மேல் சிவப்புக் கோடு அதற்குத்தான். மூன்று நாளைக்கு வாங்கி, காய்ச்சல் விட்டதும் மீதியை ஃபிரிட்ஜில் வைத்து, அடுத்த மாதம் தம்பிக்கு ஊற்றுவதும் நடக்கிறது. அரசு செலவில் போட்ட ஊசி காலி செய்த இடத்தில், மருந்தைத் தாங்கும் அடுத்த வகையை நாமே கைப்பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைக்கும் வேலை இது.

ஊசியால் ஆகாததையும் சொல்லிவிட வேண்டும். சென்னையின் ஐ.சி.யூ.க்களில் வென்டிலேட்டரில் இருப்பவர்களைத் தாக்கி, கடைசி மருந்துக்கும் அடங்காமல் நிற்பவை கிளெப்சியெல்லா, அசினிட்டோபேக்டர் போன்றவை. அவற்றுக்கு இன்னும் தடுப்பூசி இல்லை. காசநோய்க்கு பி.சி.ஜி. இருந்தும், செங்கல்பட்டு வட்டாரத்தில் 1968இல் தொடங்கி லட்சக்கணக்கானோரிடம் நடந்த பெரும் சோதனை, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்றுதான் காட்டியது. குழந்தைகளை மூளைக் காசநோயிலிருந்து காக்கும், ஆனால் பரப்புகிறவர்கள் பெரியவர்கள். அதனால் மருந்துக்கு அடங்காத காசநோயின் பரவலில் பி.சி.ஜி. பெரிதாகக் கைவைக்கவில்லை. எந்தத் தடுப்பூசியையும் எடைபோடும்போது நான் முதலில் கேட்பது அதுதான்: பரப்புகிறவரிடம் கிருமியைக் குறைக்கிறதா?

உங்கள் மகனுக்கு இனி என்ன செய்யலாம்? அடுத்த முறை சளி வந்தால், குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் என்றால், அல்லது மூச்சிழுக்கும்போது மார்புக்கூட்டின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தால், காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். பால் குடிக்காமல், எழுப்பினால் எழாமல் துவண்டு கிடந்தால் எண்ணிக்கொண்டு உட்காராமல் நேராக மருத்துவமனைக்கு. இதெல்லாம் இல்லாமல் மூக்கு ஒழுகி, இருமி, விளையாடிக்கொண்டிருந்தால், ‘டாக்டர், ஆன்டிபயாடிக் இப்போதே வேண்டுமா, இரண்டு நாள் பார்க்கலாமா?’ என்று கேட்பதில் தப்பில்லை. நிறைய மருத்துவர்கள் நீங்கள் எதிர்பார்ப்பீர்கள் என்றுதான் எழுதுகிறார்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்று அவர் சொன்னால், அவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை கொடுங்கள்.

கூடுதல் வகை ஊசி பற்றி என் கருத்து: 6ஆவது வாரம், 14ஆவது வாரம், 9ஆவது மாதம் மூன்றும் அட்டையில் பதிவாகியிருந்தால், ஆரோக்கியமான குழந்தைக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்து இன்னொன்று போட அவசரம் இல்லை. 9ஆவது மாதத் தவணையைத் தவறவிட்ட பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கூட்டிப்போவதில் ஊருக்குப் பலன் அதிகம். பிறவி இதய நோய், நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம், மண்ணீரல் இல்லாமை, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து, காதில் காக்ளியர் கருவி போன்றவை இருந்தால் கணக்கு வேறு, குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். உங்கள் மாமனாருக்கு 65 தாண்டியிருந்தாலோ, சர்க்கரையோ நாள்பட்ட மூச்சுக் கோளாறோ இருந்தாலோ, அவருக்கு நியூமோகாக்கஸ் ஊசியும் மழைக்கு முன் ஃப்ளூ ஊசியும் போடுவது பற்றி அவருடைய மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு இது அரசுத் திட்டத்தில் இல்லை, கைக்காசுதான் போட வேண்டும்.